நித்திலாவின் முதுகு

ஆகஸ்ட் 1

காலையில் நித்திலாவோடு மருத்துவமனை. மயக்க மருந்து டாக்டர் அவளுடைய பழைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பதினாலு வயதில், வளைந்திருந்த முதுகெலும்பை நிமிர்த்திக் கம்பி வைத்தபோது எடுத்த படம். கம்பி கிட்டத்தட்ட இடுப்பு வரை இறங்கியிருக்கிறது. பிரசவத்தில் வலி தெரியாமல் இருக்க முதுகில் போடுவார்களே, அந்த ஊசி இவளுக்கு வேண்டாம் என்றார்.

"ஊசி உள்ள போறதே கஷ்டம் சார். போனாலும் மருந்து ஒரு பக்கம் பரவும், இன்னொரு பக்கம் பரவாம நின்னுடும். அதை நம்பி இருக்க முடியாது. வேற வழிகள் இருக்கு. நர்ஸ் மரியபுஷ்பம் வகுப்பு எடுக்கறாங்க, கூட்டிட்டு வாங்க."

சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை என்று பெரிய டாக்டரம்மா சொன்னார். ஆறுதலாக இருந்தது.

ஆட்டோவில் நித்திலாவோடு திரும்பினேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள்: "ஆபரேஷன் அப்ப மயக்கத்துல இருந்தேம்ப்பா. இது முழிச்சுக்கிட்டே."

வாத்தியாராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு: கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அதையே இவளிடமும் சொன்னேன். "இது பரீட்சை இல்லப்பா" என்றாள்.

குக்கர் வளையம் மாற்றினேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. தாராபுரத்திலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். துளசிமணி அம்மாள் மாவு மில் நடத்துகிறவர். மில் ஓடாத இடத்திலும் மில் ஓடுகிற குரலில்தான் பேசுவார். ராகி மாவு, கம்பு மாவு, பச்சரிசி மாவு என்று மூன்று பை. பலகாரத் தட்டில் கை வைக்குமுன்பே தொடங்கிவிட்டார்.

"ஏனுங் வாத்தியாரே, இப்பெல்லாம் வலியே தெரியாம ஊசி இருக்குதாமா? எங்க மில்லுக்கு வர்ற புள்ள ஒருத்தி போட்டுக்கிட்டா. போன்ல பாட்டுக் கேட்டுக்கிட்டே பெத்தாளாமா. நம்ம புள்ளைக்கும் போட்டுருங்கொ."

"நித்திலாவுக்கு எல்லாம் இயற்கையா இருக்கட்டும்னு ஆசைங்க" என்றேன்.

"ஆசையா? வலிக்கு யாருங்க ஆசப்படுவாங்க?" அவளிடம் திரும்பினார். "ஏங் கண்ணு, அப்படியா?"

நித்திலா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க அத்தை" என்றாள்.

"என்னமோ போங்க. ரகுவப் பெக்கறப்ப நான் கத்துனேன்னு ஆஸ்பத்திரி ஆயா தொடையில பட்டு பட்டுனு அடிச்சா. வலி எங்க, அடி எங்கன்னே தெரியல. என்ற மருமகளுக்கு அது வேண்டாம்னுதான் சொல்றேன். நீங்க படிச்சவங்க."

கிளம்புமுன், "வா அம்மிணி, முதுகுக்குக் கொஞ்சம் எண்ணெய் தேச்சு உடறேன்" என்று கூப்பிட்டார். நித்திலா அசதியாக இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி மூன்று வருடமாக, ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே பதில்தானாம். சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அவருக்குக் கம்பி விஷயம் தெரியாது. மாப்பிள்ளை ரகுநந்தனுக்குத் தெரியும். நிச்சயம் முடிந்த வாரமே நித்திலா அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கப்பலில் எஞ்சினியர், அக்டோபரில்தான் வருவார். நாங்கள் கேட்டுக்கொண்டபடி அவரும் அம்மாவிடம் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது சொல்ல வேண்டாம் என்றவள் என் மனைவி சுகந்தி. தாய் மனசு. அவளும் போய் இரண்டு வருடம் ஆகிறது. இனி யாரைக் கேட்பது?

ஆகஸ்ட் 4

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பதினெட்டு குடம் தூக்கினேன். என் முதுகும் இருக்கிறது என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 9

நர்ஸ் மரியபுஷ்பத்தின் வகுப்பு. எட்டுக் கர்ப்பிணிகள், அவர்களோடு வந்த பெண்கள், நான் ஒருவன். நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தேன். நல்ல ஆசிரியை அந்தப் பெண். எதையும் இரண்டு முறை சொல்கிறார், மூன்றாம் முறை செய்யச் சொல்கிறார்.

வலி அலை போல ஏறி இறங்குமாம். நடுவில் ஓய்வு உண்டு. பல பேர் அந்த ஓய்விலும் அடுத்த வலியை நினைத்தே களைத்துப் போகிறார்களாம். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். படுத்தே கிடக்கக் கூடாது. நடக்கலாம், முன்னால் சாய்ந்து நிற்கலாம், பெரிய ரப்பர் பந்தில் உட்கார்ந்து இடுப்பை ஆட்டலாம். இளஞ்சூட்டு வெந்நீரை இடுப்பில் ஊற்றலாம். வலி வரும்போது ஒருவர் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இடுப்பெலும்பை அழுத்திப் பிடித்தால் பாதி வலி மட்டுப்படும்.

எப்படி மட்டுப்படும் என்று ஒரு பெண் கேட்டாள். மரியபுஷ்பம் என்னைப் பார்த்தார். "சார் சயின்ஸ் வாத்தியார்தானே, சொல்லுங்க."

முழங்கையை மேசையில் இடித்துக்கொண்டால் உடனே என்ன செய்கிறோம் என்று கேட்டேன். தேய்ப்போம் என்றார்கள். "ஏன் தேய்க்கிறோம்? யாரும் சொல்லித் தரலையே! குறுகலான வாசல்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல நுழைய முடியாதுல்ல, அது மாதிரி. தேய்க்கிற உணர்ச்சி முன்னால போனா, வலி கொஞ்சம் பின்னால நிக்கும்."

எட்டுப் பேரும் தங்கள் முழங்கையைத் தேய்த்துப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சிரிப்பு வாயுவும் உண்டாம். நான் முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய வாயு! ஆக்சிஜனோடு கலந்து முகமூடி வழியாக இழுக்க வேண்டும். வலியை அடியோடு எடுக்காது. கொஞ்சம் தள்ளி வைக்கும். வேலை செய்ய அரை நிமிடம் ஆவதால், வலி உச்சிக்குப் போகுமுன்பே இழுக்கத் தொடங்கிவிட வேண்டும். பஸ் வந்த பிறகு நிறுத்தத்துக்கு ஓடினால் பயனில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். முகமூடியைப் பிரசவிக்கிறவள் மட்டுமே பிடிக்க வேண்டும். மயக்கம் வந்தால் கை தானாக விழுந்துவிடும், அதுதான் பாதுகாப்பு. இவை போதாவிட்டால் தொடையில் போடும் ஊசி ஒன்று இருக்கிறது.

கடைசியில் எழுந்து, "வலி வந்தா நான் எப்ப உள்ள வரணும் சிஸ்டர்?" என்று கேட்டேன். அறையே சிரித்தது.

"சார், உள்ள ஆம்பளைங்க வர முடியாது. ஒரே ஹால், நாலு கட்டில், நடுவுல திரைதான். கூட ஒரு லேடீஸ் இருக்கலாம். அம்மா இருக்காங்களா?"

"இல்ல."

"மாமியார்?"

நித்திலா மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வகுப்பு இருபத்து மூணாம் தேதி. யார் கூட இருக்கப் போறாங்களோ அவங்க கட்டாயம் வரணும். கை பழகணும்ல" என்றார் மரியபுஷ்பம்.

ஆகஸ்ட் 10

"யாருமே வேண்டாம்ப்பா. சிஸ்டர் இருக்காங்கல்ல" என்கிறாள்.

"அவங்க நாலு கட்டிலையும் பாக்கணும் கண்ணு."

"தனியா மூச்சு விட எனக்குத் தெரியாதா?"

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தேன். சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, தன் கையைப் பின்னால் வளைத்துத் தன் இடுப்பை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள். கை பாதி தூரம்தான் போனது. கம்பி வைத்த முதுகு அதற்கு மேல் திரும்பாது. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14

தாராபுரம் போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மில்லில் நாலைந்து பேர் தூக்குப் போணியும் பையுமாக நின்றிருந்தார்கள். மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா முக்காடு போட்டு, மூக்கைத் துணியால் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னங்க, வலி வந்துருச்சா?" என்று கத்தினார். இல்லை என்று கையை ஆட்டினேன். தனியாகப் பேச வேண்டும் என்றேன். கேட்கவில்லை. இன்னும் கிட்டத்தில் போய்ச் சொன்னேன். "என்னங்க? சத்தமாச் சொல்லுங்கொ!"

தும்மலும் கண்ணீருமாக நின்றேன். இப்போது சொல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பு எடுத்த குரலில் சொன்னேன்: "நித்திலா முதுகுல கம்பி இருக்குதுங்க! சின்ன வயசுல ஆபரேஷன் பண்ணுனது! அதனாலதான் அந்த ஊசி போட முடியாது!"

நான் வாயைத் திறந்த அதே நேரத்தில், காது கேட்கட்டும் என்று அவர் மில்லை நிறுத்திவிட்டார். என் குரல் மட்டும் அந்த அறையில் நின்றது. மாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சம்பந்தியம்மா மூக்குத் துணியை அவிழ்த்தார். "எப்ப?"

"பதினாலு வயசுல."

"ரகுவுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"என் சம்சாரம்தான்... சொல்ல வேண்டாம்னு..." என்றேன்.

அவர் வரிசையில் முதலில் நின்ற பெண்ணின் பையை வாங்கிக்கொண்டார். "போங்க வாத்தியாரே. எனக்கு வேல கெடக்குது." மில் மறுபடி ஓடத் தொடங்கியது.

காபி குடிக்கிறீர்களா என்று கேட்காமல் அவர் என்னை அனுப்பியது இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 15

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 16

வரவில்லை. கொடித் துணிகளை மடித்தேன். நித்திலாவுக்குக் கால் வீக்கம். பக்கெட்டில் கால் வைக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். தாராபுரம் போனதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

போன் வந்தது. எனக்கல்ல, அவளுக்கு.

கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். அவள் குரல் கேட்கவே இல்லை. துளசிமணி அம்மாளின் குரல் மட்டும் போனைத் தாண்டிக் கேட்டது. "மூணு வருசமாத் திமிரு புடிச்சவன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே, அப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தாராபுரம் போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பழிய அம்மா மேல எதுக்குப்பா போட்டீங்க?" என்றாள்.

நான் பேப்பரை மடித்தேன்.

"அவங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அம்மா சொல்லிடலாம்னுதான் சொன்னாங்க. 'அப்புறம் எவன் வருவான்?'னு நீங்க கேட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு."

சாப்பிடக் கூப்பிட்டாள். ரசம் வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20

மூன்றாம் தேதி எழுதியதில் ஒரு வரி தவறு. சுகந்தி அல்ல. நான்தான். இருபத்தைந்து வயதுப் பெண் அடுத்த அறையில் இருந்தாள் என்பதையும் மறந்துவிட்டேன். அவளுக்குக் கணக்கும் அறிவியலும் நானே சொல்லிக் கொடுத்தேன். தன் உடம்பு வெளியே சொல்லக் கூடாத ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே துளசிமணி அம்மாள் வந்து மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார். என்னிடம், "வந்துட்டனுங்க" என்பதோடு சரி.

இன்று பயிற்சி என்பதால் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. யார் முகமும் தெரியவில்லை.

"அம்மா, இப்ப மருமக பந்து மேல சாஞ்சுக்கட்டும். நீங்க பின்னால உக்காருங்க. துணிய விலக்கிட்டு, இடுப்புல கைய வைங்க."

துணி விலகும் சரசரப்பு கேட்டது.

"தழும்பு இத்தன நீளமா கண்ணு?"

"ஆமாங்க அத்தை."

"இங்க தொட்டா நோவுதா?"

"இல்லீங்க. தொட்டதே தெரியாது."

"இங்க?"

"அங்க கொஞ்சம்."

"அப்ப அதுக்குக் கீழ புடிக்கறேன். நீ சொல்லு. கூச்சப்படாதே. மூணு வருசம் கூச்சப்பட்டது போதும்."

"இன்னும் பலமா அழுத்துங்கம்மா" என்றார் மரியபுஷ்பம்.

"சிஸ்டர், நான் மூட்ட தூக்கறவ. பலமா அழுத்துனா இந்தப் புள்ள பந்தோட உருண்டு போயிருவா."

நித்திலா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

ஆகஸ்ட் 30

வாரம் இரண்டு நாள் சம்பந்தியம்மா பஸ் ஏறி வருகிறார். இருவரும் உள்ளறையில் பழகுகிறார்கள். மூச்சுக்கு எண்ணிக்கை சொல்வது என் வேலை. கதவுக்கு வெளியே நின்று சொல்கிறேன். என்னோடு அவர் இன்னும் சரியாகப் பேசவில்லை. மாவு மட்டும் கொண்டுவருகிறார்.

செப்டம்பர் 8, காலை 5.40

நாலரைக்கு வலி தொடங்கியது. எட்டு நிமிடத்துக்கு ஒன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறேன். கூடத்தில் நடக்கிறாள். வலி வரும்போது அலமாரியில் சாய்ந்து, "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில் விடுகிறாள். சம்பந்தியம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். மில் வேனில் வருகிறார்.

வெந்நீர் காய்கிறது.

மாலை 6.10

எழுத உட்கார இப்போதுதான் முடிந்தது.

எட்டரைக்கு நித்திலாவும் சம்பந்தியம்மாவும் பிரசவ ஹாலுக்குள் போனார்கள். கதவு மூடியது. நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். உள்ளிருந்து யார் யாரோ கத்துவது கேட்டது. எது என் பெண் என்று தெரியாததே பெரிய வேதனை.

ஒரு மணிக்கு சம்பந்தியம்மா பிளாஸ்க்கோடு வெளியே வந்தார். முடி கலைந்து, சேலை முழுக்க நனைந்திருந்தது.

"இடுப்புல வெந்நி ஊத்திட்டே இருக்கோமுங்க. ஓடிப்போயி இதுல புடிச்சுட்டு வந்து குடுங்க."

பிடித்துக் கொடுத்தேன். அவர் திரும்புமுன் சொல்லிவிட்டேன்: "மறைச்சது சுகந்தி இல்லீங்க. அவ சொல்லணும்னா. நான்தான் வேண்டாம்னேன். அன்னிக்கு மில்லுலயும் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"நித்திலா சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. உங்க சம்சாரம் கல்யாணத்துக்கு மொத நாள் என்ற கையப் புடிச்சுக்கிட்டு, 'அவ முதுகு பத்திரமுங்க'ன்னாங்க. எதுக்குச் சொல்றாங்கன்னு அப்பப் புரியல. மறைக்கணும்னு நெனைக்கறவங்க அப்படியா சொல்லுவாங்க?" பிளாஸ்க்கை இறுக்கி மூடினார். "நீங்களா வாயத் தொறக்கறீங்களான்னு பாத்துட்டிருந்தேன். தொறந்துட்டீங்க. இன்னொரு பிளாஸ்க் புடிச்சு வைங்க, மறுபடி வருவேன்."

இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை, "ஊசி வேணுமான்னு கேட்டாங்க. தொடையில போடறது. வேண்டாங்கறா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேங்கறா" என்றார். அவர் குரலில் இருந்தது பயமா பெருமையா என்று தெரியவில்லை.

நாலு இருபதுக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. இருவரும் நலம்.

துளசிமணி அம்மாள் வெளியே வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். முழங்கைக்குக் கீழே வரிசையாக நகக் குறி.

"உங்க புள்ள என்னயக் கீறிப் போட்டாளுங்க வாத்தியாரே. அந்த வாயு முகமூடிய நான் புடிக்கறேன்னு போனேன், பாவம் கை நடுங்குதேன்னு. சிஸ்டர் ஒரே சத்தம்! 'அவங்கதான் புடிக்கணும், மறுபடி தொட்டா வெளிய அனுப்பிருவேன்'னா. அப்புறம் கைய அவ இடுப்ப விட்டு எடுக்கல. கத்துனா பாருங்க, ஹாலே அதிருச்சு."

"யாராவது திட்டுனாங்களா?"

"திட்டுவாங்களா! நான் பக்கத்துலயே நிக்கறேனில்ல. 'நல்லாக் கத்து சாமி'ன்னேன்."

சேலை முனையில் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 9

மாப்பிள்ளை ஏதோ துறைமுகத்திலிருந்து வீடியோவில் வந்தார். குழந்தையின் முகத்தை இன்னும் கிட்டத்தில் காட்டச் சொன்னார். குழந்தை கொட்டாவி விட்டது.

மதியம் வார்டில் நல்ல கூட்டம். பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்க்க மடத்துக்குளத்திலிருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் இங்கேயும் எட்டிப் பார்த்து, "உங்க புள்ளைக்கும் முதுகுல ஊசி போட்டுத்தான் பொறந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

என் கை, என்னை அறியாமலே, நித்திலாவின் போர்வையை மேலே இழுத்துவிட்டது. பழக்கம்.

"ஊசியா?" துளசிமணி அம்மாளின் குரல் வார்டின் அந்தக் கோடி வரை போனது. "என்ற மருமக முதுகுல கம்பி இருக்குதுங்க. மேலருந்து இடுப்பு வரைக்கும்! ஊசி போட எடமே இல்ல. பன்னெண்டு மணி நேரம், மூச்சு உட்டு, நடந்து, வெந்நி ஊத்தி, கத்திப் பெத்தா. கடைசியாக் கொஞ்சம் வாயு. அவ்வளவுதான்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. நித்திலாவைப் பார்த்தேன். அவள் கூசவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பியா? எத்தனைங்க?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். அப்பா என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

பதினாலு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கும்படி நான் விட்டதில்லை.

"ரெண்டு கம்பிங்க" என்றேன். "பன்னெண்டு திருகாணி."

"பதினாலுப்பா" என்றாள் நித்திலா கட்டிலிலிருந்து. "சொல்றதுதான் சொல்றீங்க, சரியாச் சொல்லுங்க."

"பதினாலுங்க" என்று திருத்திச் சொன்னேன், வார்டு முழுக்கக் கேட்கும்படி.